சீருக்குள் நிற்காத ஊற்று

"என் பாட்டைத் திருப்பிக் கொடுங்க."

திமாரெத்தா இதைச் சொன்னதும் கலிதோரா ஊர் மன்றத்தில் மென்று கொண்டிருந்த வாய்கள் எல்லாம் நின்றுபோயின. அவளுடைய அண்ணன் தெலெசோன் பிய்த்த பார்லி அடையை எண்ணெய்க் கிண்ணத்திலேயே போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். ஊர் ஊராக அவளை அழைத்துக்கொண்டு வரும் வழியெல்லாம் அவன் சொல்லி வந்தது இந்த ஒன்றைத்தான். தங்க நல்ல இடம் கேள், சுமைக்குக் கழுதை கேள், குளிக்க வெந்நீர்கூடக் கேள், கொடுத்த பாட்டை மட்டும் திருப்பிக் கேட்காதே. திருவிழாவில் பாடி முடித்த பாட்டின் சுருளைக் கோயில் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். வைத்த பிறகு அது சாமி சொத்து. அதில் கை வைத்தால் கோயில் திருட்டு. எழுதியவளே கை வைத்தாலும் திருட்டுத்தான்.

மன்றத்தின் தலைவர் அகெலாஸ் விரலைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நல்ல மனிதர் என்று பெயர் வாங்கியவர். யாரையும் கடிந்து பேசமாட்டார், அதற்குத் தேவையும் வந்ததில்லை.

"எங்களுக்கா குடுத்த? அப்பொல்லோவுக்குல்ல குடுத்த. அவரைப் போய்க் கேளும்மா."

"கேட்டாச்சு. அவரு ஒண்ணும் சொல்லல. பெட்டிச் சாவி உங்க இடுப்புலதானே தொங்குது."

பெஞ்சின் கோடியில் யாரோ சிரித்துவிட்டு, தலைவர் சிரிக்கவில்லை என்று கண்டதும் இருமினார்.

"முழுசா வேணாம்யா. ஒரே ஒரு அடி. அதுல ஒரு பேரு தப்பா இருக்கு. சுரண்டிட்டு மாத்தி எழுதி உங்க கையிலயே குடுத்துடறேன்."

"எந்தப் பேரு?" என்று அகெலாஸ் கேட்டார். எந்தப் பெயர் என்று அவருக்குத் தெரியும். தெரியும் என்பது அவர் கேட்ட விதத்திலேயே தெரிந்தது.

"மெலிதோனா."

திமாரெத்தாவின் தொழில் இது. ஒரு ஊருக்குள் போவாள். அந்த ஊரை யார் கட்டினார், எந்தத் தெய்வம் எந்தக் கிணற்றடியில் யாரைக் கண்டது என்று விசாரிப்பாள். கேட்டதையெல்லாம் பெரிய பாட்டாகக் கட்டி, யாழை வைத்துக்கொண்டு திருவிழாவில் பாடுவாள். தங்கள் பாட்டன் பூட்டன் பெயர் அழகான பாட்டில் வந்தால் எந்த ஊருக்கும் தலை கொஞ்சம் உயரும். பாடிய பெண்ணுக்கு மாலை போடுவார்கள், மன்றத்தில் உட்கார வைத்துச் சோறு போடுவார்கள், அனுப்பிவிடுவார்கள். எங்கேயும் யாரும் இரு என்று சொன்னதில்லை.

இருக்க ஒரு ஊரும் அவர்களுக்கு இல்லை. அப்பா கடலுக்கு அந்தப் பக்கம், தேயோஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வந்தேறி. தூக்கித் தூக்கியே செத்தார். அந்த ஊரில் பிறந்தும் பிள்ளைகள் வந்தேறிகள்தான். யாரோ ஒரு பணக்காரர் வைத்துவிட்டுப் போன தர்மத்தில் அங்கே பெண் பிள்ளைகளுக்கும் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள், ஆனால் ஊர்க்காரர் பிள்ளைகளுக்கு மட்டும். திமாரெத்தாவின் அம்மா பள்ளிக்கூட வாசலில் நின்று வாத்தியார் காது புளிக்கக் கத்தினாள். அவள் வாயை அடைக்க வேறு வழியில்லாமல் மகளைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். அந்தக் குடும்பத்தில் மெழுகுப் பலகையில் எழுத்தாணி வைத்த முதல் ஆள் அவள்தான். கூடப் படித்த பெண்கள் அவள் கையைப் பார்த்து, மீன் நாற்றம் அடிக்கிறது என்று தள்ளி உட்காருவார்கள். வாத்தியார் ஒரு அடியைச் சொல்லி எங்கே தட்டுகிறது என்று கேட்டால், முதலில் கை தூக்குவதும் அந்த மீன் நாற்றக் கைதான்.

அண்ணனுக்கு எழுத்து வராது. பெண் தனியாக ஊர் சுற்ற முடியாது, அவளுக்காகப் பேச ஓர் ஆண் வேண்டும் என்பதற்காகக் கூட வந்தவன். மூட்டையும் யாழும் அவன் தோளில்தான்.

கோடையின் தொடக்கத்தில் கலிதோராவுக்கு வந்தார்கள். அப்பொல்லோ கோயில் பூசாரிப் பெண் ஊர் பிறந்த கதையைச் சொன்னாள். ஹாலிமோஸ் என்ற முன்னோர் தாகத்தில் தவித்த ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார். ஊருக்குக் கீழே இருக்கிற ஆர்கெமோ ஊற்றில் ஆடுகள் வாய் வைத்தன. வைத்த இடத்திலேயே ஊரைக் கட்டினார். அவ்வளவுதான் கதை.

ஆர்கெமோ. நெடில், குறில், நெடில். பெரிய பாட்டின் அடிக்கு ஒரு பிடிவாதம் உண்டு, அதில் குறில் தனியாக நிற்காது. வந்தால் ஜோடியாகத்தான் வரும். ஆர்கெமோவின் நடுக்குறில் இரண்டு நெடில்களுக்கு நடுவே ஒண்டியாகச் சிக்கிக்கொண்டு நின்றது. முன்னால் போட்டுப் பார்த்தாள், கடைசியில் போட்டுப் பார்த்தாள், பெயரை உடைத்துப் பார்த்தாள். எங்கே வைத்தாலும் அடி நொண்டியது. மெழுகைத் தேய்த்துத் தேய்த்துப் பலகையின் மரம் தெரிய ஆரம்பித்துவிட்டது.

அப்போது சன்னலுக்கு வெளியே மலைமேட்டைப் பார்த்தாள். பச்சையாக, ஊர் முழுவதையும் எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது. அது என்ன இடம் என்று வீட்டுக்காரியைக் கேட்டாள். மெலிதோனா என்றாள் அவள். அங்கேயும் ஒரு ஊற்று உண்டாம். இரண்டு குறில், இரண்டு நெடில். பெயர் போய் அடிக்குள் உட்கார்ந்துகொண்டது, அதற்காகவே வெட்டி வைத்த குழியில் உட்காருகிற மாதிரி. தேன் மாதிரி ஒரு பெயர். திமாரெத்தா அன்று முழுக்க அந்த அடியை முணுமுணுத்துக்கொண்டே நடந்தாள். அந்த மேட்டில் யார் ஆடு மேய்கிறது என்று அவள் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை.

திருவிழாவில் அந்த அடி வந்தபோது முன்வரிசைப் பெரியவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். தன் அடிக்காக எழுந்து நிற்கிறார்கள் என்று நினைத்தாள். அவர்கள் மேய்ச்சலுக்காக எழுந்து நின்றிருந்தார்கள்.

மறுநாளே மன்றம் கூடித் தீர்மானம் போட்டது. திமாரெத்தாவுக்கும் அவள் அண்ணனுக்கும் கலிதோராவில் குடியுரிமை, வீடும் நிலமும் வாங்கும் உரிமை, திருவிழாவில் முன்னிருக்கை. வெறும் வாய்வார்த்தை இல்லை, கோயில் சுவரோரம் கல்லில் வெட்ட ஆரம்பித்தார்கள். தெலெசோன் தினமும் காலையில் போய் அந்தக் கல்லின் முன்னால் நிற்பான்.

"இதுல என் பேரு எங்க இருக்கு?"

"இந்தா, இதுதான். இங்கேர்ந்து இது வரைக்கும்."

"இவ்வளவு நீளமா?" என்று விரலை எழுத்தின் பள்ளத்தில் வைத்து இழுப்பான். அவன் சிரித்து அவள் பார்த்தது அங்கேதான்.

நேற்றுச் சந்தையில் அத்திப்பழம் வாங்கப் போனவளை ஒரு குரல் நிறுத்தியது.

"ஏ, பாட்டுக்காரி. நீதானே அது?"

பாலாடைக்கட்டி விற்கிறவள். மலைமேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தீரோன் ஊர்க்காரி, மிக்கா என்று பெயர். புருஷன் இல்லை, ஆடுகள் இருந்தன.

"ஆமா."

"ஒரு கட்டி வாங்கிட்டுப் போ. மெலிதோனா புல்லுத் தின்ன ஆட்டோட பாலு. அடுத்த வருஷம் வந்தா கெடைக்காது."

"ஏன் கெடைக்காது?"

"நீயே கேக்குற பாரு. நல்ல கூத்து." மிக்கா ஈ ஓட்டிக்கொண்டே பேசினாள். "மேட்டுமேல ஆர்த்தெமிஸ் கோயில்ல நடுவருங்க வந்து உக்காந்திருக்காங்கல்ல, மூணாவது ஊர்லேர்ந்து. மேடு உங்களுதா எங்களுதான்னு தீர்ப்புச் சொல்ல. எங்க ஊரு ஆம்பளைங்கள சாட்சி கேட்டாங்க. எங்கப்பன் மேய்ச்சான், அவங்கப்பன் மேய்ச்சான், வேற என்னத்தச் சொல்ல? இவங்க என்ன சாட்சி வச்சிருக்காங்க தெரியுமா?"

"என்ன?"

"உன் பாட்டு."

"பாட்டு எப்பிடிச் சாட்சியாகும்?"

"படிச்சவ நீ, நீ சொல்லு. ஆதிகாலத்துலயே இவங்க தாத்தன் ஆடு அங்கதான் தண்ணி குடிச்சுச்சாம். பாட்டுல இருக்காம். பாட்டு சாமி வாயிலேர்ந்து வர்றதாம், அதுல பொய் வராதாம். எங்க ஆட்டுக்கு யாரும் பாட்டுக் கட்டல தாயி. அது பாட்டுக்குத் தின்னுட்டு வீட்டுக்கு வந்துடுது."

திமாரெத்தாவுக்குக் காது இரண்டும் சுட்டன. வேறு ஊர்களில் நடந்தது அவளுக்குத் தெரியும், எல்லைச் சண்டையில் பழைய பாட்டின் அடியை எடுத்து வைத்து வாதாடுவது புதிதில்லை. ஆனால் அதெல்லாம் செத்துப்போனவர்கள் எழுதிய பாட்டு. தன் அடியில் இன்னும் மை வாசனைகூடப் போகவில்லை.

"எதுக்கு அந்தப் பேரப் போட்ட?" என்று மிக்கா கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. "நாங்க உனக்கு என்ன பண்ணோம்?"

"நெஜப் பேரு ஆர்கெமோ. அது பாட்டுக்குள்ள நிக்கல."

"என்னது?"

"சீரு சரியா வரல."

மிக்கா ஈ ஓட்டுவதை நிறுத்தினாள். "எனக்கு நாப்பது ஆடு," என்றாள். "பொய் சொல்லணும்னா ஏதாச்சும் பெருசா சொல்லக்கூடாதா? காசு வாங்கினேன், மெரட்டினாங்கன்னு. சீரு வரலையாம்." அப்புறம் அடுத்த ஆளிடம் திரும்பி விலை பேச ஆரம்பித்துவிட்டாள்.

திமாரெத்தா பழம் வாங்காமலே வீட்டுக்கு வந்தாள். உட்கார்ந்தாள், எழுந்தாள், கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். தெலெசோன் செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னாள்.

"சரி," என்றான் அவன். "அது அவங்க சண்டை."

"என் அடிண்ணா அது."

"நீ எழுதின, குடுத்த, முடிஞ்சுது. செருப்புத் தைக்கிறவன் செருப்பு எங்கெங்க நடக்குதுன்னு பின்னாலயே போறானா?"

"அந்த மேடு போச்சுன்னா அந்தப் பொம்பளை எங்க போவா?"

"நாம எங்க போவோம்? அதக் கேளு மொதல்ல." ஊசியைக் கீழே வைத்தான். "அப்பாவ எங்க பொதச்சோம்? சொல்லு. ரோட்டோரத்துல. நமக்குன்னு அங்க ஒரு சாண் மண்ணு வாங்க முடியாது. அடுத்த மழைக்கே பொதச்ச மேடு கரைஞ்சு எந்த இடம்னே தெரியாமப் போச்சு. இங்க மண்ணு குடுக்கறாங்க திமா. கல்லுல போட்டுக் குடுக்கறாங்க. ஒரு சொல்லுக்காக அத விடச் சொல்றியா?"

"ஒரு சொல்லுக்காக அவங்க ஒரு மேட்டையே விடப் போறாங்க."

"எனக்கு முட்டி போச்சு," என்றான் அவன். சண்டைக்குச் சொன்ன மாதிரி இல்லை. "இன்னொரு ஊரு என்னால முடியாது."

அதனால்தான் இன்று காலை அவனிடம் சொல்லாமல், மன்றத்துச் சாப்பாட்டில் எல்லோர் முன்னாலும் கேட்டாள். முன்னாலேயே அவனிடம் சொல்லியிருந்தால் அவன் காலைப் பிடித்திருப்பான், அவள் விட்டுக்கொடுத்திருப்பாள்.

இப்போது அகெலாஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நீ தப்பா எழுதிட்டேன்னு நெனைக்கிற. அங்கதாம்மா நீ தப்புப் பண்ற. நீ ஆர்கெமோன்னு எழுதத்தான் பாத்த. முடிஞ்சுதா? முடியல. ஏன் முடியல? தெய்வம் விடல. நெஜம் எதுன்னு அதுக்குத் தெரியும், உன் கையப் புடிச்சு எழுத வச்சிடுச்சு. ஒவ்வொரு பாட்டையும் நீயே அப்பிடித்தானே ஆரம்பிக்கிற? தாயே நீ பாடு, நான் வாய் மட்டும்தான்னு?"

பெஞ்சு முழுவதும் தலையாட்டியது. சிலர் உண்மையாகவே நம்பித் தலையாட்டினார்கள், அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"தெய்வம் இல்லய்யா," என்றாள் திமாரெத்தா. "குறில்."

"எது?"

"ஒரு குறில் தனியா நின்னுடுச்சு. அத எங்க கொண்டு வைக்கறதுன்னு எனக்குத் தெரியல. கெட்டிக்காரியா இருந்தா கதைய வேற மாதிரி திருப்பி அந்தப் பேரே வராமப் பாத்திருப்பேன். எனக்கு அவசரம், திருவிழா வந்துடுச்சு. சன்னல்ல ஒரு மேடு தெரிஞ்சுது. எடுத்து வச்சேன். இதுல எந்தத் தெய்வமும் வரல. வந்திருந்தா ஆடு யாரோடதுன்னாவது கேட்டுட்டு வந்திருக்கும்."

"வார்த்தையப் பாத்துப் பேசணும்," என்றார் பூசாரிப் பெண்ணின் தகப்பனார்.

"விடுங்க, அவ்வளவு தூரம் போக வேணாம்," என்றார் அகெலாஸ். அவர் குரல் இன்னும் மென்மையாகத்தான் இருந்தது. "சரி, நீ சொல்றதே நெஜம்னு வச்சுக்குவோம். யாருகிட்டப் போய்ச் சொல்லுவ? பொம்பளை சாட்சி எந்த நடுவர் முன்னாலயும் ஏறாது. உனக்காகப் பேச வேண்டியவரு இவரு. தெலெசோன், நீ சொல்லுப்பா. உன் தங்கச்சி பாட்டுல தப்பு இருக்கா?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். தெலெசோன் எண்ணெயில் ஊறிப்போன அடையைப் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்க்காமல் சொன்னான்.

"அவளுக்கு ஒடம்பு சரியில்லைய்யா. வெயிலு. பழக்கமில்ல."

அவள் அவன்மீது கோபப்பட முயன்றாள். மற்ற எல்லார்மீதும் கோபம் நிறைய இருந்தும், அவன் பங்குக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அவன் முழங்கால் வீங்கியிருப்பது மேசைக்குக் கீழே தெரிந்தது.

"அப்ப முடிஞ்சுது," என்றார் அகெலாஸ். "நாளைக்கு நடுவருங்க முன்னாடி நீயே பாடினா நல்லாயிருக்கும்னு நெனச்சேன். வேணாம், ஓய்வெடு. நம்ம பள்ளிக்கூடத்து வாத்தியாரு சுருளப் பாத்து வாசிச்சிடுவாரு. பொம்பளை சொல்றதத்தான் அவங்க கேக்க மாட்டாங்க. பாட்ட யாரு பாடினாலும் கேப்பாங்க."

சொல்லிவிட்டு ஒயினில் தண்ணீர் கலக்க ஆளைக் கூப்பிட்டார். தான் என்ன சொன்னோம் என்று அவர் கவனிக்கவில்லை.

திமாரெத்தா கவனித்தாள்.

சுருளை எதற்குக் கேட்டுக்கொண்டிருந்தோம் என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. பெட்டிக்குள் இருப்பது தாள். பாட்டு முழுக்க அவளுக்கு மனப்பாடம், சாமி வந்தாலும் அதைப் பூட்டி வைக்க முடியாது. சாட்சி சொல்லப் போனால் துரத்துவார்கள். பாடப் போனால் உட்கார வைத்துக் கேட்பார்கள். முதலில் மெலிதோனா அடியைப் பாடுவாள், பள்ளிக்கூட வாத்தியார் வாசிக்கப்போகிற அதே அடி. அடுத்து அதே அடியில் ஆர்கெமோவைப் போட்டுப் பாடுவாள். அது நொண்டும். ஆறு சீரில் ஒன்று முறிந்து, கல் தடுக்கின கழுதை மாதிரி எல்லார் காதிலும் விழும். நடுவர்கள் படித்தவர்கள், அடியைத் தட்டிப் பார்த்தே வளர்ந்தவர்கள். எந்த இடத்தில் முறிகிறது என்று காதால் கேட்டால் எதற்காக அவள் பெயரை மாற்றினாள் என்பது அவர்களுக்குத் தானாகவே புரியும். யாரும் எடுத்துச் சொல்ல வேண்டாம்.

சிரிப்பார்கள். அதுவும் தெரிந்தது. இந்தக் கரையில் எந்த ஊரிலும் அவள் ஒரு நொண்டி அடியைப் பாடியதில்லை. மூட்டைக்காரன் மகள், மீன் நாற்றம், பெண், எது வேண்டுமானாலும் சொல்லலாம், அடி தட்டுகிறது என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. அவளிடம் சொத்து என்று இருந்தது அது ஒன்றுதான். நாளைக்குப் பல் தெரிகிற முதல் சிரிப்போடு அதுவும் போகும். சீர் வராமல் ஊற்றை மாற்றி வைத்தவள் என்று அடுத்த ஊருக்கு அவளுக்கு முன்னால் செய்தி போய்விடும். கல்லில் வெட்டிய பெயரைச் சுத்தியல் கொண்டு அடித்துவிடுவார்கள். அண்ணன் பெயரையும் சேர்த்துத்தான் அடிப்பார்கள்.

அவள் எழுந்தாள். சுவரோரம் சாய்த்திருந்த யாழை எடுத்துத் தன் தோளிலேயே மாட்டிக்கொண்டாள்.

"எங்க கிளம்பிட்ட?" என்றான் தெலெசோன். "திமா. உக்காரு."

"நீ இங்க இருண்ணா."

"நான் வரலன்னா நீ எப்பிடிப் போவ?"

"பாடறதுக்குத்தான் போறேன். அதுக்குப் பக்கத்துல ஆள் வேணாம்னு பெரியவரே சொல்லிட்டாரே."

அகெலாஸ் கிண்ணத்தைக் கீழே வைத்தார். இப்போதுதான் அவருக்கு உறைத்தது. முகத்தில் இருந்த நல்ல மனிதர் மெல்ல எழுந்து போய்விட்டார்.

"இந்த வாசலத் தாண்டினா," என்றார், "நாளைக்கு இந்த ஊர்ல உனக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க ஆள் இருக்காது. யோசிச்சுக்க. உனக்கில்ல, இவருக்காக யோசிச்சுக்க."

"யோசிச்சுட்டேன்யா." அவள் அண்ணனைப் பார்த்தாள். அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்டால் அழுதுவிடுவாள், அழுதால் வெயில் என்று சொல்லி உட்கார வைத்துவிடுவார்கள். "அவன் என்னைத் தடுத்தான்னு சொல்லுங்க. நெஜம்தான். எல்லாரும் பாத்தீங்க. அந்த மண்ண அவனுக்காவது குடுங்க."

தெலெசோன் எழுந்திருக்கப் பார்த்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தான்.

அவள் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தாள். வெளியே வெயில் முகத்தில் அடித்தது. சந்தைக்குப் போகிறவர்கள், முன்னிருக்கைக்காரி என்று நினைத்து மரியாதையாக விலகி வழிவிட்டார்கள். மலைமேட்டுக்குப் போகிற பாதை எது என்று ஒருவரிடம் கேட்டாள். அவர் கை காட்டினார். அவள் யாழை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏற ஆரம்பித்தாள்.